பிளாக் கோஸ்ட்டும் யானைமூக்கு மீனும் சொந்தக்காரர்களா?

கொளத்தூர் மீன் கடைகளில் சுற்றிவிட்டு வந்த ஒருவரின் கேள்வி இது: "பிளாக் கோஸ்ட், யானைமூக்கு மீன், கிளவுன் நைஃப் மூன்றும் அடுத்தடுத்த தொட்டிகளில் இருந்தன. முதல் இரண்டுக்கும் லேசான கரண்ட் உண்டு என்றார் கடைக்காரர். இவையும் அமேசானின் மின்விலாங்கும் ஆப்பிரிக்காவின் மின்கெளுத்தியும் எல்லாம் ஒரே குடும்பமா? நம் ஊர் சொட்டைவாளையும் கத்தி மாதிரிதானே இருக்கிறது, அதற்கும் கரண்ட் உண்டா?"

ஒரே குடும்பம் இல்லை. கிட்டத்தில்கூட இல்லை. யானைமூக்கு மீனுக்கு பிளாக் கோஸ்ட்டைவிட நம் சொட்டைவாளை நெருங்கிய உறவு. அந்தக் கடையிலேயே ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் அரோவானாவும் அதற்கு ஒரு வகையில் பங்காளிதான். பிளாக் கோஸ்ட்டுக்கோ கெண்டையும் கெளுத்தியும்தான் நெருக்கம். கரண்ட் உள்ள இரண்டு மீன்களின் பொது மூதாதையைத் தேடிப் போனால் 20 கோடி ஆண்டுகளுக்கும் அப்பால் போக வேண்டும். அந்த மூதாதைக்குக் கரண்டே கிடையாது. ஒரே தொழில் செய்கிறவர்கள் எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகளாக இருக்க வேண்டியதில்லை அல்லவா, அந்தக் கதைதான் இங்கேயும்.

நன்னீரில் மட்டும் பார்த்தால் மின்னுறுப்பு குறைந்தது மூன்று முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது: தென் அமெரிக்கக் கத்திமீன்களில் ஒரு முறை, ஆப்பிரிக்க யானைமூக்கு வம்சத்தில் ஒரு முறை, ஆப்பிரிக்கக் கெளுத்திகளில் ஒரு முறை. கடலில் உள்ள மின் திருக்கைகளின் கணக்கு தனி. டார்வின் 1859-இல் பரிணாமத்தை விளக்கி எழுதியபோதே இந்த மீன்கள் அவருக்குத் தலைவலியாக இருந்தன. ஒரே மூதாதையிடமிருந்து மின்னுறுப்பு வந்திருந்தால் மின்மீன்கள் எல்லாம் தங்களுக்குள் நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். அப்படி இல்லையே என்பதை அவரே கவனித்து எழுதினார். இன்னொரு சிக்கலும் இருந்தது. பெரிய அதிர்ச்சி கொடுக்கும் உறுப்பு ஒரே நாளில் வந்திருக்காது, சிறிது சிறிதாகத்தான் வளர்ந்திருக்கும். அப்படியானால், கையில் வைத்தால் உறைக்காத அளவுக்கு மெல்லிய கரண்டை வைத்துக்கொண்டு ஆரம்ப கால மீன் என்ன செய்தது?

இதற்கு விடை 1951-இல் கேம்பிரிட்ஜில் கிடைத்தது. ஹான்ஸ் லிஸ்மன் என்ற விலங்கியலாளர், ஜிம்னார்கஸ் என்ற ஆப்பிரிக்க மீன் வாலிலிருந்து இடைவிடாமல் மெல்லிய மின்துடிப்புகளை விட்டுக்கொண்டே இருப்பதைக் கண்டுபிடித்தார். அது யாரையும் தாக்குவதற்கான கரண்ட் இல்லை. தன்னைச் சுற்றி ஒரு மின்புலத்தை விரித்து, அதில் ஒரு கல்லோ இரையோ வந்தால் ஏற்படும் கலக்கத்தைத் தோலிலுள்ள உணர்விகளால் அறிகிறது. கலங்கிய ஆற்றில் இரவில் கண்ணை நம்பிப் பயனில்லை, கரண்ட்டை நம்பலாம். தன் இனத்து மீன்களோடு பேசவும் அதே கரண்ட்தான். அதாவது மெல்லிய கரண்ட்டுக்கே முழுநேர வேலை இருக்கிறது. நன்னீர் மின்மீன்களில் மிகப் பெரும்பாலானவை இந்த ரகம்தான். ஆளை உதறவைப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில.

சரி, முதலில் தென் அமெரிக்கக் கிளை. ஜிம்னோட்டிஃபார்மிஸ் என்ற வரிசை இது. 250-க்கும் மேற்பட்ட இனங்கள், ஐந்து குடும்பங்கள். பிளாக் கோஸ்ட், கடைகளில் கிளாஸ் நைஃப் என்று விற்கும் ஐகன்மானியா, மின்விலாங்கு எல்லாம் இதற்குள் அடக்கம். முதுகுத் துடுப்பும் வயிற்றுத் துடுப்பும் இல்லை. வயிற்றடியில் நீளமாக ஓடும் குதத்துடுப்பை அலையடிக்க வைத்து, முதுகை விறைப்பாக வைத்தபடி முன்னும் பின்னும் ஒரே லாவகத்தில் போகும். உடம்பை வளைத்தால் தான் விரித்த மின்புலமும் வளைந்து கணக்கு குழம்பிவிடும் என்பதுதான் இந்த விறைப்புக்குச் சொல்லப்படும் காரணம்.

இந்த மீன்களை ஒரு காலத்தில் வெளித்தோற்றத்தை வைத்து டெட்ரா, பிரானா வகையறாக்களோடு சேர்த்து வைத்திருந்தார்கள். ஃபிங்க், ஃபிங்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1981-இல் எலும்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, கத்திமீன்களுக்கு மிக நெருங்கியவை கெளுத்திகள்தான் என்று நிறுவினார்கள். கெண்டை, டெட்ரா, கெளுத்தி, கத்திமீன் நான்கும் சேர்ந்த பெரிய கூட்டத்துக்கு ஒரு பொது அடையாளம் உண்டு. முதுகெலும்பின் முன்பகுதியிலிருந்து உருவான குட்டி எலும்புகள் காற்றுப்பையின் அதிர்வைக் காதுக்குக் கடத்தும். பிளாக் கோஸ்ட்டிலும் அந்த எலும்புகள் இருக்கின்றன, ரோகுவிலும் இருக்கின்றன. யானைமூக்கு மீனில் கிடையாது.

கெளுத்தியோடு உறவு என்பதற்கு இன்னொரு சான்றாகச் சொல்லப்படுவது மின்னுணர்வு. நம் குளத்துக் கெளுத்தி உட்பட கெளுத்தி வகைகளுக்குத் தோலில் சின்னச் சின்னக் குழி போன்ற உணர்விகள் உண்டு. கரண்ட் உண்டாக்கத் தெரியாவிட்டாலும், சேற்றுக்குள் இருக்கும் புழுவின் உடம்பிலிருந்து கசியும் மெல்லிய மின்னழுத்தத்தை அவை உணர்ந்துவிடும். கத்திமீன்களுக்கும் இதே குழிகள் இருக்கின்றன. ஆகவே உணர்வு முதலில் வந்தது, உற்பத்தி பிறகு வந்தது என்று அழகாகக் கதை சொல்லலாம். எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் மரபணுத் தொடர்களை ஆயிரக்கணக்கில் ஒப்பிட்ட பிந்தைய ஆய்வுகள் சில, கெளுத்தியையும் கத்திமீனையும் அவ்வளவு ஒட்டி வைக்கவில்லை. நடுவில் டெட்ரா கூட்டம் நுழைந்துவிடுகிறது. அது சரி என்றால் ஒன்று உணர்வு இரண்டு முறை தோன்றியிருக்க வேண்டும், அல்லது டெட்ராக்கள் அதைத் தொலைத்திருக்க வேண்டும். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

வரிசைக்குள்ளும் சண்டை உண்டு. கத்திமீன்கள் கரண்ட் விடும் முறை இரண்டு. சில, விட்டு விட்டுத் துடிக்கும். ஒலியாக மாற்றிக் கேட்டால் டக், டக், டக் என்றிருக்கும். மற்றவை இடைவெளியே இல்லாமல் ரீங்காரம்போல விடும். பிளாக் கோஸ்ட் இந்த இரண்டாவது ரகம், நொடிக்கு ஆயிரம் முறை அளவில். ரீங்காரக்காரர்கள் இரண்டு குடும்பம், துடிப்புக்காரர்கள் மூன்று குடும்பம். ரீங்காரம் ஒரே முறைதான் தோன்றியது, எனவே அந்த இரண்டு குடும்பமும் உடன்பிறப்பு என்று உடலமைப்பைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். மரபணுக்காரர்களில் சிலர், பிளாக் கோஸ்ட்டின் குடும்பமான ஆப்டெரோனோட்டிடேதான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பே பிரிந்துபோன கிளை என்கிறார்கள். குடும்பங்கள் குறுகிய காலத்தில் மளமளவென்று பிரிந்திருந்தால் மரபணுக்களே ஒன்றுக்கொன்று முரணான சாட்சி சொல்லும். இங்கே நடந்திருப்பது அதுதான்.

அந்தப் பிளாக் கோஸ்ட் குடும்பமே ஒரு விசித்திரம். மற்றக் கத்திமீன்கள் எல்லாவற்றிலும் மின்னுறுப்பு தசையிலிருந்து உருவானது. சுருங்கும் வேலையை மறந்துவிட்டு மின்னூட்டம் மட்டும் செய்யும் தசை. பிளாக் கோஸ்ட் குடும்பத்தில் வளர்ந்த மீனின் மின்னுறுப்பு தசையே இல்லை, தண்டுவடத்திலிருந்து வரும் நரம்புதான். அப்படியானால் இது தனி வம்சமோ என்று தோன்றும். ஆனால் முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு முதலில் இருப்பது தசை உறுப்பு. வளர வளர அது மறைந்து நரம்பு உறுப்பு அந்த இடத்தைப் பிடிக்கிறது. முன்னோரின் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் தன் வீட்டுக்குக் குடிபோகிற மாதிரி. 2018-இல் இன்னொரு தடயமும் கிடைத்தது: மின்னுறுப்புத் தசையில் வேலை செய்ய வேண்டிய ஒரு மரபணு, இந்த மீன்களில் தண்டுவட நரம்பில் வேலை செய்துகொண்டிருக்கிறது. வகைப்பாட்டில் எனக்கு இதைவிடப் பிடித்த சாட்சி இல்லை.

இனி எல்லோரும் கேட்கும் மின்விலாங்கு. பெயரில்தான் விலாங்கு, நம் ஆற்று விலாங்குக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டும் நீளமாக இருப்பதோடு சரி. உயிரினங்களுக்குப் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1766-இல் இதற்கு ஜிம்னோட்டஸ் எலெக்ட்ரிகஸ் என்று பெயர் வைத்தார். 1864-இல் தியோடர் கில் அதைப் பிரித்து எலெக்ட்ரோஃபோரஸ் என்ற தனிப் பேரினம் ஆக்கினார். பிறகு அதற்குத் தனிக் குடும்பமே கொடுத்துப் பார்த்தார்கள். இப்போது மறுபடியும் ஜிம்னோட்டஸோடு ஒரே குடும்பத்தில் வைக்கிறார்கள். சுற்றிச் சுற்றி லின்னேயஸ் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது.

வகைப்பாட்டுக்கு இதில் முக்கியமான சங்கதி, மின்விலாங்கு மெல்லிய கரண்ட் விடும் மீன்களின் நடுவே முளைத்த ஒரு கிளை என்பது. அதன் உடலில் மூன்று மின்னுறுப்புகள் இருக்கின்றன. இரண்டு பலத்த அதிர்ச்சிக்கு. மூன்றாவதான சாக்ஸ் உறுப்பு இன்றைக்கும் மெல்லிய துடிப்புகளை விட்டு வழி பார்க்கிறது. பலத்த கரண்ட் எங்கிருந்து வந்தது என்ற டார்வினின் சந்தேகத்துக்கான பதிலை இந்த மீன் உடம்பிலேயே சுமந்து திரிகிறது. ஒரு மின்செல் தருவது ஏறக்குறைய 0.15 வோல்ட். அதை ஆயிரக்கணக்கில் வரிசையாக, டார்ச்சில் பேட்டரி போடுவதுபோல, அடுக்கிக்கொண்டதுதான் அது செய்த ஒரே தந்திரம். உவமையைத் திருப்பிப் போட வேண்டும் என்றும் சொல்லலாம்: 1800-இல் வோல்ட்டா தன் முதல் மின்கல அடுக்கைச் செய்தபோது, அதை மீனின் மின்னுறுப்போடு ஒப்பிட்டுத்தான் விளக்கினார்.

250 ஆண்டுகளுக்கும் மேலாக மின்விலாங்கு என்றால் ஒரே இனம் என்றுதான் எல்லோரும் எழுதி வந்தார்கள். 2019-இல் டேவிட் டி சான்டானாவும் குழுவினரும் அமேசான் பகுதி முழுவதிலிருந்தும் 107 மீன்களைச் சேர்த்து, டிஎன்ஏ, மண்டையோட்டு வடிவம், மின்னழுத்தம் மூன்றையும் பார்த்து, அது மூன்று இனம் என்று காட்டினார்கள். வடக்கே கயானா மேட்டுநிலத்தில் எலெக்ட்ரிகஸ், தெற்கே பிரேசில் மேட்டுநிலத்தில் வோல்ட்டாய், நடுவே தாழ்ந்த சமவெளி ஆறுகளில் வரீ. சமவெளி இனம் சுமார் 71 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது. மேட்டுநில இனங்கள் இரண்டும் சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்பது அவர்கள் கணிப்பு. வோல்ட்டாய் இனத்து மீன் ஒன்றில் 860 வோல்ட் அளந்தார்கள். வேறு எந்த உயிரிலும் அவ்வளவு அளந்ததில்லை. மேட்டுநில ஆறுகளின் தண்ணீரில் உப்புக் குறைவு, கரண்ட் சுலபமாகப் பாயாது. அதை ஈடுகட்டத்தான் இவ்வளவு வோல்ட் என்று அவர்கள் கருதுகிறார்கள். பார்வைக்கு மூன்றும் அச்சு அசல் ஒன்றுதான், நீங்களும் நானும் பிரித்துச் சொல்ல முடியாது.

அப்புறம் ஆப்பிரிக்கா. யானைமூக்கு மீனின் குடும்பம் மார்மிரிடே; 200-க்கும் மேற்பட்ட இனங்கள், எல்லாம் ஆப்பிரிக்க நன்னீரில். அதற்கு உடன்பிறப்பாக ஜிம்னார்கஸ் மட்டுமே உள்ள ஒற்றை இனக் குடும்பம் ஒன்று. இரண்டும் சேர்ந்து அரோவானாவும் அமேசானின் அரபைமாவும் உள்ள பழைய எலும்புநாக்கு வரிசையில் அடங்கும். யானையின் மூக்கு என்று நாம் சொல்வது உண்மையில் கீழ்த்தாடையின் நீட்சி. மின்னுணர்விகள் நிறைந்த அந்தத் தாடையால் மணலைத் தடவிப் புழு தேடும். இவ்வளவு சமிக்ஞைகளைக் கணக்குப் போடும் மூளையும் பெரிது. யானைமூக்கு மீன் சுவாசிக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 60 சதவீதத்தை மூளையே தின்றுவிடுவதாக 1996-இல் அளந்திருக்கிறார்கள். மனிதனுக்கு அது 20 சதவீதம்.

இரண்டு கண்டத்து மீன்களும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன என்பதற்கு ஜிம்னார்கஸைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கத்திமீன் வயிற்றடியிலுள்ள குதத்துடுப்பை அலையடிக்கிறது என்றால், ஜிம்னார்கஸ் முதுகுத் துடுப்பை அலையடிக்கிறது. முதுகு அதே விறைப்பு. ஐகன்மானியா மீன்கள் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் வந்தால், ஒன்றின் ரீங்காரம் மற்றதைக் குழப்பாமல் இருக்க இரண்டும் தங்கள் அதிர்வெண்ணைச் சற்று விலக்கிக்கொள்ளும். ரேடியோவில் ஒரு நிலையம் இன்னொன்றின் மேல் விழுந்தால் நாம் திருகுவோமே, அப்படி. 1963-இல் ஜப்பானியர்கள் இருவர் இதைக் கண்டார்கள். ஜிம்னார்கஸும் அச்சாக இதையே செய்கிறது, மூளைக்குள் கணக்குப் போடும் வழிகூட ஒன்றுதான் என்று பின்னால் தெரிந்தது. உறவை நடத்தையை மட்டும் வைத்து முடிவு செய்திருந்தால், ஜிம்னார்கஸையும் ஐகன்மானியாவையும் அண்ணன் தம்பி என்றே எழுதி வைத்திருப்போம்.

மரபணு அளவில் இந்த ஒற்றுமை இன்னும் வியப்பு. இன்றைய எலும்புமீன்களில் மிகப் பெரும்பாலானவற்றின் பொது மூதாதையில் முழு மரபணுத் தொகுப்பும் ஒரு முறை இரட்டிப்பானது. அதனால் தசையில் மின்தூண்டலுக்குத் தேவையான, சோடியத்தைச் செல்லுக்குள் விடும் வாயிலை உண்டாக்கும் மரபணு இரண்டு பிரதியாக இருந்தது. சாதாரண மீன்களில் இரண்டும் தசையில்தான் வேலை செய்யும். 2006-இல் ஹரோல்ட் சாக்கன் குழுவினர் பார்த்தபோது, தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் ஒரே பிரதிதான் தசையை விட்டு விலகி மின்னுறுப்புக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இன்னொரு பிரதி தசையைப் பார்த்துக்கொண்டதால், இது கெட்டுப்போகும் பயமில்லாமல் வேகமாக மாற முடிந்தது. மாறிய இடங்கள்கூட இரு கிளைகளிலும் பல ஒன்றாகவே இருக்கின்றன. 2014-இல் மின்விலாங்கின் முழு மரபணுத் தொகுப்பு வெளியானபோது இதே படம் இன்னும் பல மரபணுக்களில் தெரிந்தது. மரபணுவும் ஒன்று, உறுப்பும் ஒன்று, மூதாதை மட்டும் வேறு.

மின்கெளுத்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாலாப்டெரூரிடே என்ற ஆப்பிரிக்கக் கெளுத்திக் குடும்பம், சுமார் 20 இனங்கள், அதிகபட்சம் 350 வோல்ட் அளவுக்கு உதறும். மின்னுறுப்பு தோலுக்கடியில் உடம்பைப் போர்வைபோலச் சுற்றியிருக்கும். ஒவ்வொரு பக்கத்து உறுப்பையும் ஒரே ஒரு பெரிய நரம்புச்செல் இயக்குகிறது. எகிப்தின் சக்காராவில் 4,000 ஆண்டுகளுக்கும் பழமையான கல்லறைச் சுவர்களிலேயே இந்த மீன் செதுக்கப்பட்டிருக்கிறது. அரபியில் இதன் பெயருக்கு இடிமுழக்கம் என்ற பொருள் வரும். இதே ஆப்பிரிக்கக் கெளுத்திகளில் சினோடான்டிஸ் என்ற வேறொரு பேரினமும் உண்டு. அதன் சில இனங்கள், காற்றுப்பையை அதிரவைத்து ஒலி எழுப்பும் தசையைக் கொஞ்சம் மாற்றி மெல்லிய கரண்ட் விடுகின்றன. இதையும் சேர்த்தால் நன்னீர்க் கணக்கு நான்கு ஆகிவிடும்.

உறவைக் கண்டுபிடிக்கக் கரண்ட் உதவாது என்று இவ்வளவு நேரம் சொன்னேன். ஆனால் இனங்களைப் பிரிக்கும் கீழ்மட்டத்தில் அதே கரண்ட்தான் பெரிய துணை. கபோன் நாட்டின் இவிண்டோ ஆற்றில் பாராமார்மிராப்ஸ் என்ற மார்மிரிட் பேரினத்தின் இனங்கள் ஒரே நீரில் கூட்டமாக வாழ்கின்றன. வலையில் வந்த மீன்களை மேசையில் பரப்பினால் பல ஒன்றுபோலவே இருக்கும். கார்ல் ஹாப்கின்ஸும் மாணவர்களும் ஒவ்வொரு மீனையும் தனித் தொட்டியில் விட்டு மின்துடிப்பின் வடிவத்தைப் பதிவு செய்தபோதுதான், கையெழுத்துப்போல ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி வடிவம் இருப்பது தெரிந்தது. டிஎன்ஏவும் பெரும்பாலும் ஒத்துப்போனது. பெண் மீன் துணை தேடுவதே அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் என்பதால், துடிப்பு மாறினால் இனம் பிரியும் வாய்ப்பும் அதிகம். ஆனால் இங்கேயும் கண்ணை மூடி நம்ப முடியாது: துடிப்பு இரண்டு விதமாக இருந்தும் டிஎன்ஏவில் வேறுபாடே காட்டாத மீன்களும் அதே ஆற்றில் கிடைத்தன.

கடைசியாக உங்கள் சொட்டைவாளை. கத்தி வடிவத்தைப் பார்த்து அதைப் பிளாக் கோஸ்ட்டோடு சேர்க்காதீர்கள். அது நோட்டோப்டெரிடே குடும்பம், தென்கிழக்கு ஆசியாவின் கிளவுன் நைஃப்பும் அதே குடும்பம்தான். எலும்புநாக்கு வரிசைக்குள் யானைமூக்கு வம்சத்துக்கு மிக நெருங்கிய உறவு இந்தக் குடும்பம். கரண்ட் கிடையாது, தாராளமாகக் கையில் பிடிக்கலாம், முள்தான் தொல்லை. ஆனால் இதே குடும்பத்தின் ஆப்பிரிக்கக் கிளையில், கடைகளில் ஆப்பிரிக்கன் நைஃப் என்று விற்கும் ஜீனோமிஸ்டஸ் போன்றவற்றுக்கு, கரண்ட் விடத் தெரியாவிட்டாலும் மின்னுணர்வு உண்டு. ஆசியக் கிளைக்கு அதுவும் இல்லை. யானைமூக்குக்கும் சொட்டைவாளைக்கும் பொதுவான மூதாதையிடம் அந்த உணர்வு இருந்து ஆசியப் பக்கம் அதைத் தொலைத்ததா, இல்லை ஆப்பிரிக்காவில் மட்டும் இரண்டு முறை தோன்றியதா என்பதை இன்றுள்ள மீன்களை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியவில்லை.